ஏப்ரல் 14க்கு மட்டும் திறக்கிற அரங்கம்

பல்கலைக்கழகங்களிலிருந்து எனக்குப் பேச அழைப்பு வருகிற மாதங்கள் இரண்டு. ஏப்ரல், டிசம்பர். ஏப்ரலில் பிறந்தநாள், டிசம்பரில் நினைவுநாள். நடுவில் கிடக்கிற மாதங்களில் மாநில பட்ஜெட் வருகிறது, கல்விக் கொள்கை வருகிறது, நகராட்சிகளில் துப்புரவுப் பணி தனியாருக்குப் போகிறது, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப் போகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் எங்காவது ஒரு கருத்தரங்கம் நடக்கத்தான் செய்கிறது. அதற்கெல்லாம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இயக்கத்தில் இருக்கும் எந்தத் தோழரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஒருவர் அழைத்தார். 'அம்பேத்கரும் சமூக நீதியும்' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார். அந்த வளாகத்தில் எஸ்.சி. மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே, 'மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை: பணம் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே நிற்கிறது' என்று பேசட்டுமா எனக் கேட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. "அது பாலிசி மேட்டர் தோழர். எகனாமிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல வேற ஒரு சார் பண்றாரு. நீங்க பாபாசாகேப் பத்தியே பேசுங்க, பசங்களுக்கு ஒரு எழுச்சி வரும்."

இந்த 'எழுச்சி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். உணர்ச்சி நம் பங்கு, கொள்கை அவர்கள் பங்கு. நாம் வந்து வலியைச் சொல்ல வேண்டும். அந்த வலிக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்குவது, எப்போது கொடுப்பது என்று இன்னொருவர் சொல்வார். பட்டியல் சாதிப் பேச்சாளரை மேடை ஏற்றியாகிவிட்டது என்று அறிக்கையிலும் எழுதிக்கொள்ளலாம். ஒரே மேடைக்குள் இப்படி ஊர் தனி, சேரி தனி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், யாருடைய பெயரைச் சொல்லி நம்மை அழைக்கிறார்களோ அவர் இந்தப் பிரிவினையை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

1916 மே 9ஆம் தேதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கிறார் அம்பேத்கர். வயது 25. மாணவர். சாதி தோன்றிய விதம் பற்றி அதுவரை ஆய்வாளர்கள் சொன்னதை வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் எங்கே ஓட்டை என்று காட்டுகிறார். என் மக்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் தெரியுமா என்று சொல்வதற்காக அவர் அங்கே எழுந்து நிற்கவில்லை. உங்கள் கோட்பாடு தவறு, என்னுடையது இது என்று சொல்லத்தான் நின்றார். மறு ஆண்டே அந்தக் கட்டுரை அச்சில் வந்தது.

அடுத்து 1939 ஜனவரி 29. புனே கோகலே மண்டபம். கோகலே அரசியல் பொருளாதார நிறுவனத்தின் ஆண்டு விழாவில் காலே நினைவுச் சொற்பொழிவு. இன்று அந்த நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அன்று பேசியவர் அம்பேத்கர். தலைப்பு தீண்டாமை இல்லை, கோயில் நுழைவும் இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் முன்வைத்த கூட்டாட்சித் திட்டம். அந்தச் சட்டப்படி அமையவிருந்த கூட்டாட்சிச் சட்டமன்றக் கீழவையில் 375 இடங்கள். அதில் 125 சமஸ்தானங்களுக்கு. அந்த இடங்களுக்கு ஆள் அனுப்புவது மக்கள் இல்லை, மன்னர்கள். இப்படி ஒரு கூட்டாட்சியை வாங்கிக்கொண்டால் விடுதலை வருமா, இல்லை வருகிற விடுதலையும் அடைபடுமா என்று பிரிவு பிரிவாக எடுத்துப் பேசினார். பிறகு 'கூட்டாட்சியா விடுதலையா' என்ற பொருளில் அது நூலாகவும் வந்தது. ஆளுநர் அதிகாரம், ஜி.எஸ்.டி. பங்கு, நிதிக்குழு என்று இன்றைக்கு நாம் அடித்துக்கொள்கிற விஷயங்களுக்கு நேரடி முன்னோடியான உரை அது. நம் பல்கலைக்கழகங்களில் கூட்டாட்சி பற்றி ஒரு நாள் கருத்தரங்கம் போட்டால் இந்த உரையை எத்தனை பேர் எடுத்து வைக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ரூபாயின் சிக்கல் பற்றி 1923இலேயே புத்தகம் போட்ட மனிதர் அவர். நம் வளாகங்களில் பொருளியல் துறைக்குள் அவர் படம் மாட்டப்படுவதே அரிது. படம் எஸ்.சி./எஸ்.டி. செல் அறையில் இருக்கும்.

பொதுச் சொற்பொழிவு என்ற பெயரில் இங்கே நடப்பது என்ன? உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை பத்தரைக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். துணைவேந்தர் வர பதினொன்றேகால் ஆகும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, அறிமுகவுரை. சிறப்புப் பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டு. என்.எஸ்.எஸ். மாணவர்களை வருகைப் பதிவு சொல்லிக் கூட்டி வந்து பின்வரிசைகளை நிரப்பியிருப்பார்கள். முன்வரிசை சோபா துறைத்தலைவர்களுக்கு. ஒன்றேகாலுக்குப் பசி. "நேரமின்மை காரணமாக ஒரே ஒரு கேள்வி, சுருக்கமாக" என்று நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் சொல்வார். அந்த ஒரு கேள்வியையும் முன்வரிசையில் இருக்கும் ஒரு பேராசிரியர் தன் சொந்த உரையாக மாற்றிக்கொள்வார். நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண்.

இதில் 'பொது' எங்கே இருக்கிறது? வாசலில் அடையாள அட்டை கேட்கிற காவலர் இருக்கிறார். வேலை நாளில், வேலை நேரத்தில் நடக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவரோ, ஆட்டோ ஓட்டுகிறவரோ, கார்ப்பரேஷன் ஊழியரோ வர முடியாத நேரம். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். பல்கலைக்கழகச் சுவரை ஒட்டி இருக்கிற குடியிருப்புக்கு உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அந்தக் குடியிருப்பை அகற்றுவது பற்றிய நகர்ப்புறக் கொள்கைக் கருத்தரங்கமாகவே அது இருந்தாலும் தெரியாது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுப்பதை எதிர்த்த போராட்டம். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த நாட்களில் நடைமேடையில் உட்கார்ந்திருந்த அக்காக்கள் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தத்துக்கு முன் கையில் வந்த சம்பளம் எவ்வளவு, கம்பெனிக்குப் போனால் எவ்வளவு, வாரிசு வேலை என்னாகும், கொரோனா காலத்தில் யார் வேலை பார்த்தார்கள் என்று வரிசைப்படுத்திச் சொன்னார்கள். நகராட்சி நிர்வாகம் பற்றி அதைவிடத் தெளிவான ஒரு சொற்பொழிவை அந்த ஆண்டு நான் கேட்கவில்லை. சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தூரம். திடக்கழிவு மேலாண்மை என்று தலைப்பு வைத்து ஆண்டு முழுக்கக் கூட்டம் போடும் கல்வி நிறுவனங்கள், கழிவை அள்ளுகிறவரை ஏன் ஒருநாளும் மேடைக்கு அழைப்பதில்லை? அழைத்தாலும் சால்வை போர்த்திப் 'பாராட்டி' அனுப்பிவிடுகிறார்கள். மைக் கொடுப்பதில்லை.

இங்கே இன்னொரு தோழமைக் குரல் எழும். எனக்கு நன்றாகவே தெரிந்த குரல். "இந்தப் பல்கலைக்கழக அரங்கமெல்லாம் நமக்கு எதுக்கு தோழர்? தெருமுனையில பேசுவோம், இரவுப் பாடசாலை நடத்துவோம், நம்ம இடத்துல நம்ம கூட்டம் போடுவோம்." இதில் நியாயம் இருக்கிறது. சாதியை அழித்தொழிப்பது பற்றிய உரைக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்தது. படித்ததும் நடுங்கிப்போய்ச் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. அவர் என்ன செய்தார்? சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு இரண்டாம் பதிப்பு வரும்போது தமிழில் அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பெரியாரின் ஆட்கள் அதைச் செய்தார்கள். மேடை மறுக்கப்பட்ட உரைதான் அந்த நூற்றாண்டில் நம் கைகளில் அதிகம் புழங்கிய புத்தகமானது.

ஆனாலும் நான் அந்தத் தோழர்களோடு முழுக்க உடன்பட மாட்டேன். பல்கலைக்கழக அரங்கம் யாருடைய பணத்தில் நிற்கிறது? நம் வரிப்பணத்தில். ஒரு கொள்கை சட்டமன்றத்துக்குப் போகும் முன் வல்லுநர் குழுவுக்குப் போகிறது. அந்தக் குழுவில் உட்காருகிறவர்கள் யார்? இதே அரங்குகளில் ஒருவரை ஒருவர் அழைத்து, ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டிப் 'பெயர்' வாங்கியவர்கள். அந்த வாசலை விட்டுவிட்டால் குழுவையும் விட்டுவிட்டோம் என்று பொருள். தெருவும் வேண்டும், அரங்கமும் வேண்டும்.

அரங்கத்துக்குள் நாம் நுழைவதற்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, அது எவ்வளவு முக்கியமான இடம் என்று புரியும்.

2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி. அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. வட்டம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அம்பேத்கரின் இன்றைய பொருத்தம் பற்றிய ஓர் உரையை ஒட்டி அவர்கள் போட்ட துண்டறிக்கை, யாரோ எழுதிய பெயரில்லாக் கடிதத்தோடு டெல்லிக்குப் போனது. மனிதவள அமைச்சகம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அவ்வளவுதான், வட்டம் போயிற்று. விவேகானந்தர் பெயரில் ஒரு வட்டம் அதே வளாகத்தில் ஏற்கெனவே இருந்தது, அதைப் பற்றி யாரும் மொட்டைக் கடிதம் போடவில்லை. நாடு முழுக்க மாணவர்கள் எழுந்த பிறகு ஜூன் 7ஆம் தேதி அங்கீகாரம் திரும்ப வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியில் ஒரு கல்லூரியில் முசாஃபர்நகர் கலவரம் பற்றிய ஆவணப்படத் திரையிடலைப் புகுந்து நிறுத்தினார்கள். அதைக் கண்டித்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் போராடியது. அதன் தொடர்ச்சியாக எழுந்த புகாரில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். தண்டனையை மறுபடி படியுங்கள்: விடுதியில் இருக்கக் கூடாது, நிர்வாகக் கட்டடத்துக்குள் போகக் கூடாது, பொது இடங்களில் கூட்டமாக நடமாடக் கூடாது, மாணவர் தேர்தலில் நிற்கக் கூடாது. இதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. ஊர்விலக்கு. அந்த மாணவர்களும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். வளாகக் கடைத்தெருவில் கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி. 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா இறந்தார். அவருக்கு வர வேண்டிய ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றிருந்தது. எங்கோ ஓர் அரங்கில் ஒரு படம் காட்டுவது, அதைப் பற்றிப் பேசுவது என்பதிலிருந்து தொடங்கிய சங்கிலி அது. பொது விவாதம் என்பது நம் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

2024 ஏப்ரலில் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஒரு தலித் ஆய்வு மாணவரை இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. டெல்லியில் மாணவர் பேரணிக்குப் போனது முதலாக அவர்மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளில் ஒன்று, பகத் சிங் நினைவுச் சொற்பொழிவுக்குச் சர்ச்சைக்குரிய பேச்சாளர்களை அழைத்தார் என்பது. சொற்பொழிவு ஏற்பாடு செய்ததும் குற்றப்பட்டியலில்! உயர்நீதிமன்றம் கைவிட்ட பிறகு, 2025 மே மாதம் உச்சநீதிமன்றம்தான் கழிந்த காலத்தோடு தண்டனையை முடித்துப் படிப்பைத் தொடர விட்டது. ஓராண்டு போனது போனதுதான்.

அனுமதி, முன் அனுமதி, பேச்சாளர் பட்டியல், பேச்சின் சுருக்கம் என்று நம்மிடம் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டைப் பார்ப்பதே இல்லை. 2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம். அந்தக் கேள்வி எத்தனை மேசைகளைத் தாண்டி அச்சுக்குப் போயிருக்கும்! ஒரு மேசையிலும் யாருக்கும் உறுத்தவில்லை. நாம் ஒரு கூட்டத்துக்கு அறை கேட்டால் மட்டும் எல்லா மேசைகளும் விழித்துக்கொள்ளும்.

சரி, மாணவத் தோழர்கள் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். எல்லா வளாகத்துக்கும் எல்லாம் பொருந்தாது.

முதலில், உங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனை அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். யாரோ ஒரு வள்ளல் எப்போதோ போட்ட வைப்புத்தொகை, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு. பல வளாகங்களில் இது மாணவர்களுக்கே தெரியாமல் ஒரு வகுப்பறையில் நடந்து முடிந்துவிடுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில் யார் யார் பேசினார்கள், தலைப்பு என்ன, பேச்சாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எவ்வளவு செலவு? பேச்சாளர்களின் சாதியை அவர்கள் பதிவு செய்திருக்க மாட்டார்கள், கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். பெயர்ப் பட்டியல் போதும். மற்றதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அடுத்த ஆண்டுக்கான பெயர்களையும் தலைப்புகளையும் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

தலைப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'தலித் பிரச்சினைகள்' என்று ஒரு தலைப்பை ஏற்றுக்கொள்ளவே கூடாது. அதில் என்ன பேசினாலும் காற்றில் போய்விடும். எண்ணும் ஆண்டும் உள்ள தலைப்பு வையுங்கள். மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை 1944இலிருந்து இருக்கிறது. 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கீட்டை மாற்றியது. குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஒரு கொத்தனாரும் சித்தாளுமாகக் கணவனும் மனைவியும் ஆண்டு முழுக்க வேலைக்குப் போனால் அந்த வரம்பு தாங்குமா என்று ஒரு கூட்டம் போடலாம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 20 பேர். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி உங்கள் மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எதைத் 'தலித் திட்டம்' என்று கணக்கில் காட்டினார்கள்? பஞ்சமி நிலம் 1892இல் வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். உங்கள் தாலுகாவில் எவ்வளவு, இன்று யார் பெயரில்? நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதி வன்முறை பற்றிய அறிக்கை. உங்களைப் பற்றிய அறிக்கை. உங்கள் வளாகத்தில் அதை வைத்து ஒரு பொதுக்கூட்டம் நடந்ததா?

பேச்சாளரைத் தேடும்போது பட்டம் பார்த்து ஏமாறாதீர்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை ஒரு தலித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை. உள்ளாட்சி பற்றிய கருத்தரங்குக்கு ஒரு தனித்தொகுதி ஊராட்சித் தலைவரை அழைத்துப் பாருங்கள். காசோலையில் யார் கையெழுத்து, சாவி யார் கையில், கிராமசபையில் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று அவர் சொல்வது எந்தப் பாடநூலிலும் இருக்காது. அவர் பக்கத்திலேயே பொருளியல் பேராசிரியரையும் உட்கார வையுங்கள். இருவருக்கும் ஒரே அளவு நேரம், ஒரே மாதிரி நாற்காலி.

கேள்வி நேரத்துக்கு முன்கூட்டியே தயாராகிப் போங்கள். நான்கு தோழர்கள் அரங்கின் நான்கு பக்கம் உட்காருங்கள். கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருங்கள், இரண்டு வரி போதும், ஓர் எண் கட்டாயம் இருக்கட்டும். தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசிய வல்லுநருக்குத் தமிழ் புரியவில்லை என்றால் மொழிபெயர்த்துத் தருவது ஒருங்கிணைப்பாளர் வேலை, உங்கள் வேலை இல்லை. கோபம் வரும். கோபத்தோடு கேட்டால் அதையே சாக்காக்கி உட்கார வைத்துவிடுவார்கள் என்பதால், எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுங்கள். அது அவர்களை அதிகம் தொந்தரவு செய்யும்.

அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அங்கே மாணவர்களுக்கென்று ஒரு நாடாளுமன்றம் இருந்தது. 1950 ஜனவரியில் அவரே வந்து அதில் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா பற்றிப் பேசினார். நாடே கொதித்துக்கொண்டிருந்த மசோதா, சட்ட அமைச்சர் மாணவர்களிடம் வந்து விளக்குகிறார். எதிர்க்கட்சி வரிசையும் மாணவர்கள்தான். அனுமதி மறுக்கும் வளாகங்களில் இருப்பவர்கள் இந்த வடிவத்தை விடுதி மரத்தடியிலேயே முயன்று பார்க்கலாம். ஆளுக்கொரு துறை, கையில் அரசு வெளியிட்ட கொள்கை விளக்கக் குறிப்பு. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கடைசியாகச் சில்லறை விஷயம் ஒன்று. நம் அமைப்புகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெளியூரிலிருந்து பேராசிரியர் வந்தால் ஏசி வண்டி, விருந்தினர் விடுதி, உறையில் மதிப்பூதியம். தூய்மைப் பணியாளர் சங்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தால், "தோழர்தானே" என்று பஸ் டிக்கெட்டைக்கூட யாரும் கேட்பதில்லை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார் அவர். கூட்டத்துக்கு வரவுசெலவு போடும்போது பேனருக்கு முன்னால் அந்த வரியை எழுதுங்கள்: பேச்சாளரின் ஒரு நாள் சம்பளம், போகவர பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு. கூட்டம் முடிந்த அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.